கடற்கரையை விட்டு மேலே ஏறினால் ஹயூயா

கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோ போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சான் ஹுவானின் பழைய கோட்டையைப் பார்ப்பார்கள், இரண்டு மூன்று கடற்கரைகளில் கால் நனைப்பார்கள், திரும்பிவிடுவார்கள். தப்பில்லை, கடல் அவ்வளவு அழகு. ஆனால் தீவின் நடுவே கிழக்கு மேற்காக ஒரு மலைத்தொடர் போகிறது. அதில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது ஹயூயா. மக்கள்தொகை சுமார் 15,000. 1911 வரை பக்கத்து ஊரான உத்துவாடோவோடு சேர்ந்திருந்து, அந்த வருடம் தனி நகராட்சி ஆனது. நான் அங்கே போனது காப்பிக்காக. போய்ச் சேர்ந்த பிறகு காப்பி வெறும் சாக்கு என்று ஆகிவிட்டது.

சான் ஹுவானிலிருந்து மேற்கே அரேசிபோ வரை அகலமான நெடுஞ்சாலை. அங்கே தெற்கே திரும்பி உத்துவாடோ வரைக்கும்கூட சிரமம் இல்லை. அப்புறம்தான் சாலை மெலிந்து வளைய ஆரம்பிக்கிறது. எதிரே வருவது தெரியாத வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறார்கள். பதிலுக்கு நாமும் அடிக்க வேண்டும். வரைபடச் செயலி சொல்லும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் ஊருக்குள் போய்விடுவது நல்லது. இதைவிட அதிகமாகப் பாதையைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

நவம்பரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. பச்சைத் துவரை காய்க்கத் தொடங்கியிருக்கும். ஊரின் பழங்குடித் திருவிழாவும் அந்த மாதத்தில்தான். மழைதான் முழுதாக விட்டிருக்காது. மலையில் மழை எப்போதுதான் முழுதாக விடுகிறது?

காப்பியிலிருந்தே தொடங்குகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் தீவின் முதல் ஏற்றுமதிப் பொருள் காப்பி. ஐரோப்பாவும் கியூபாவும் வாங்கின. மலையில் பணம் புரண்டது. 1898ல் ஸ்பெயினிடமிருந்து தீவு அமெரிக்காவின் கைக்குப் போனதும் பழைய சந்தைகள் கைவிட்டுப் போயின. அடுத்த வருடமே, 1899 ஆகஸ்ட் 8 அன்று, சான் சிரியாகோ என்ற புயல் வந்து மலைத் தோட்டங்களைத் துடைத்துப் போட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காப்பிச் செடி மறுபடி காய்க்க சில வருடம் ஆகும். அதுவரை காத்திருக்கக் கையில் பணம் இல்லாதவர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கடலோரம் இறங்கினார்கள். அமெரிக்க முதலீடு போனதும் கரும்புக்குத்தான். மலை ஏழையானது அப்போதுதான்.

ஹயூயாவை ஒட்டிய மலையில் அசியெந்தா சான் பெத்ரோ என்ற காப்பித் தோட்டம் இருக்கிறது. ஒரே குடும்பம் பல தலைமுறையாக நடத்துகிறது. பழைய தோல் உரிக்கும் இயந்திரங்களையும் உலர்த்தும் உருளைகளையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வாசலிலேயே காப்பிக் கடை. பால் விடாமல் குடித்துப் பாருங்கள். வறுத்த கசப்பு பின்னால் நிற்கிறது, வெல்லப்பாகு போன்ற ஒரு இனிப்பு முன்னால் வருகிறது. வீடுகளில் துணி வடிகட்டியில் இறக்கி, சூடான பாலோடு கலந்து, சர்க்கரையைத் தாராளமாகப் போட்டுத் தருவார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் தோட்டத்தின் ருசி அதில் தெரியாது.

பழம் பறிப்பவர்களுக்குக் கூலி, அல்முட் என்ற கொள்கலன் அளவில். பழுத்த சிவப்பை மட்டும் பறிக்க வேண்டும், பச்சையைத் தொடக் கூடாது. சரிவு எப்படி என்றால், ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பறிக்க வேண்டிய சரிவு. நான் பார்த்தவரை பறிப்பவர்களில் இளைஞர்கள் குறைவு. இளைஞர்கள் ஃபுளோரிடாவுக்குப் போய்விடுகிறார்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, மழை வரும் என்பதுபோலச் சொன்னார். பறிக்க ஆள் கிடைக்காமல் பழம் மரத்திலேயே காய்ந்து உதிர்வதும் உண்டு.

2017 செப்டம்பர் 20 அன்று வந்த மரியா புயலில் தீவின் காப்பி மரங்களில் சுமார் 80 சதவீதம் போயிற்று. இப்போது தோட்டங்களில் நிற்பதில் நிறைய அதற்குப் பிறகு நட்டவை. இந்தத் தீவு தான் விளைவிப்பதைவிட அதிகமாகக் காப்பி குடிக்கிறது. மிச்சம் வெளியிலிருந்து வருகிறது. சூப்பர் மார்க்கெட்டில் தீவின் படம் போட்ட பொட்டலத்தில் தீவின் காப்பி எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அதனால் தோட்டத்தில் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் அங்கேயே வாங்கிவிடுவது என் கட்சி.

சாப்பாட்டுக்கு வருவோம். இங்கே சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறவர், உட்கார்ந்து சாப்பிடும் முன்பின் தெரியாத எல்லோரையும் பார்த்து "புவென் ப்ரொவேச்சோ" என்று வாழ்த்திவிட்டுத்தான் தன் மேசைக்குப் போகிறார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். முதலில் யாரோ தெரிந்தவரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் நானும் சொல்லப் பழகிக்கொண்டேன். வாயில் சோற்றோடு தலையாட்டினால் போதும், பதில் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தீவின் தலையாய உணவு துவரைச் சோறு. நாம் பருப்பாக உடைத்துச் சாம்பாரில் கரைப்பதை இவர்கள் பச்சையாக உரித்து முழுசாக அரிசியோடு வேக வைக்கிறார்கள். துவரை இந்தியாவில் பயிராகி, அங்கிருந்து ஆப்பிரிக்கா போய், அடிமைக் கப்பல்களின் காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து வந்தது. பக்கத்து ஊரான வில்யால்பாவில் துவரைக்கென்றே ஒரு திருவிழா நடத்துகிறார்கள். நம் ஊரில் துவரையை இவ்வளவு கொண்டாடி நான் பார்த்ததில்லை.

சோற்றின் அடித்தளம் சோஃப்ரித்தோ. வெங்காயம், பூண்டு, காரமில்லாத சிறு மிளகாய், கொத்தமல்லி போலவே மணந்து அதைவிட அழுத்தமாக இருக்கும் ரெக்காவ் என்ற நீள இலை, எல்லாவற்றையும் அரைத்த விழுது. அதை எண்ணெயில் வதக்குகிறார்கள். நிறத்துக்கு அச்சியோத்தே விதையைக் காய்ச்சிய எண்ணெய். அது சோற்றைச் செம்மஞ்சளாக்கிவிடும். பன்றிக்கொழுப்போ ஹாமோ துண்டு துண்டாக உள்ளே கிடக்கும். பாத்திரத்தின் அடியில் முறுகிப் பிடித்த சோற்றுக்குப் பெகாவ் என்று பெயர். அதற்குப் போட்டி நடக்கிறது. நான் தங்கியிருந்த வீட்டின் அம்மாள் பெகாவைச் சுரண்டி முதலில் என் தட்டில் வைத்தார். அவர் மகன் முகத்தைப் பார்த்ததும் அது எவ்வளவு பெரிய மரியாதை என்று புரிந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: துவரைச் சோற்றில் பன்றி, பீன்ஸ் குழம்பில் பன்றி, மொஃபோங்கோவிலும் பன்றி. மொஃபோங்கோ என்பது பொரித்த வாழைக்காயைப் பூண்டோடும் வறுத்த பன்றித்தோலோடும் மர உரலில் இடித்துச் செய்வது. பன்றித்தோல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் பூண்டும் எண்ணெயும் மட்டும் போட்டு இடித்துத் தருவார்கள், அதுவும் பிரமாதம். பழுத்த வாழையைப் பொரித்த அமரியோஸ், தட்டிப் பொரித்த தோஸ்தோனெஸ், வேக வைத்த கிழங்குகள் இருக்கவே இருக்கின்றன. சாலையோரம் சனி ஞாயிறுகளில் முழுப் பன்றியைக் கம்பியில் கோத்துக் கரி நெருப்பில் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த மொறுமொறு தோலைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் கட்டுரை இங்கேயே நின்றுவிடும்.

ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், சாலியெந்தே ஆற்றின் நடுவில், ஒரு பெரிய பாறை கிடக்கிறது. லா பியெத்ரா எஸ்கிரித்தா என்பார்கள், எழுதப்பட்ட பாறை. மேலெல்லாம் தீவின் பழங்குடிகளான தாய்னோ மக்களும் அவர்களுக்கு முன் இருந்தவர்களும் செதுக்கிய உருவங்கள். வட்ட முகங்கள், சுருள்கள், துணி சுற்றிய குழந்தை போன்ற வடிவங்கள் என்று ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன. கொலம்பஸ் இந்தக் கடலுக்கு வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முந்தையவை. பாறை தடுத்த இடத்தில் தண்ணீர் தேங்கி ஒரு குளம்போல ஆகியிருக்கிறது. வேலி போட்டு, தொடாதே என்று பலகை மாட்டி, காவலாளியை உட்கார வைத்திருப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்துப் போனேன். பார்த்தால் பிள்ளைகள் குளத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் கரையில் சாப்பாட்டு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தது. செதுக்கல்களுக்கு இது நல்லதா என்று தொல்லியல்காரர்கள் கவலைப்படலாம், நியாயம்தான். எனக்கு என்னவோ, செதுக்கியவர்களின் பிள்ளைகளும் இங்கேதான் குதித்திருப்பார்கள் என்று தோன்றியது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹயூயா தன்னைப் புவேர்ட்டோ ரிக்கோவின் பழங்குடித் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது. ஊரின் பெயரே ஹயூயா என்ற தாய்னோ தலைவரின் பெயர். ஆனால் ஸ்பானியர் வந்த பிறகு நோயிலும் கட்டாய உழைப்பிலும் தாய்னோக்கள் அழிந்துபோனார்கள் என்றுதான் பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. தலைவரின் சிலையை வைத்தது 1969ல், தொமாஸ் பத்தீஸ்தா என்ற சிற்பி செய்தது. திருவிழாவும் அந்தக் காலத்தில் தொடங்கியதுதான். கோவாபே பகுதியில் செமீ அருங்காட்சியகம் இருக்கிறது. செமீ என்பது தாய்னோக்கள் வழிபட்ட மும்முனைக் கல். கட்டடத்தையே அந்த வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். அது 1989ல் வந்தது. அப்படியானால் இது மரபா, மரபு மாதிரி ஒன்றைப் பிற்பாடு செய்துகொண்டதா?

இந்தக் கேள்வியோடுதான் அந்தக் கட்டடத்துக்குள் போனேன். வெளியே வரும்போது அந்தக் கேள்வியின் மேல் மதிப்புக் குறைந்திருந்தது. புவேர்ட்டோ ரிக்கோ மக்களிடம் நடந்த மரபணு ஆய்வில், தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு சுமார் 61 சதவீதம் பேருக்கு அமெரிக்கப் பழங்குடி வகையைச் சேர்ந்ததாக இருந்தது. அழிந்ததாகச் சொன்னவர்கள் பாட்டிகளாக வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். மேலும், இந்த ஊரில் எதுதான் அறுபடாமல் வந்தது? காப்பி இரண்டு தடவை புயலில் போய், இரண்டு தடவை நட்டு வளர்த்தது. அறுந்ததை முடிந்து முடிந்து கட்டிவைத்திருக்கிறார்கள், முடிச்சை மறைப்பதும் இல்லை. எனக்கு இது பிடித்திருந்தது. திருவிழாவில் அழகிப் போட்டி மாதிரி ஒன்று இருக்கிறது. இலை, விதை, நார் எல்லாம் கொண்டு செய்த உடையில் பெண்பிள்ளைகள் வருவார்கள். அது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. ஊர்க்காரர்களுக்கு ஒட்டுகிறது, அதுதான் முக்கியம்.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் கனாலெஸ் குடும்பத்து வீடு, பழைய அமைப்பிலேயே மறுபடி கட்டியது. நெமேசியோ கனாலெஸ் என்ற எழுத்தாளர் இந்தக் குடும்பத்தவர். பெண்களுக்குச் சட்ட உரிமைகள் வேண்டும் என்று 1909லேயே சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர். ஆனால் நான் அந்த வீட்டில் நீண்ட நேரம் நின்றது பிளாங்கா கனாலெஸுக்காக. சமூக சேவகியாக வேலை பார்த்த பெண். பெத்ரோ அல்பிசு காம்போஸ் தலைமையிலான தேசியவாதக் கட்சியைச் சேர்ந்தவர். 1950 அக்டோபர் 30 அன்று தோழர்களோடு கோவாபேயிலிருந்து ஊருக்குள் போனார். காவல் நிலையத்தைத் தாக்கினார்கள், தொலைபேசிக் கம்பியை வெட்டினார்கள், தபால் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஊர் நடுவே தீவின் கொடியை ஏற்றி, புவேர்ட்டோ ரிக்கோ சுதந்திரக் குடியரசு என்று பிளாங்கா அறிவித்தார்.

கொடியை ஏற்றுவதே அப்போது குற்றம். 1948ன் 53ஆம் எண் சட்டம், வாய்ப்பூட்டுச் சட்டம் என்று மக்கள் பெயர் வைத்தது, சுதந்திரம் பேசுவதையும் கொடி வைத்திருப்பதையும் பத்து வருடம் வரை சிறைக்குரிய குற்றமாக்கியிருந்தது. எழுச்சியை அடக்கத் தேசியக் காவல்படை வந்தது, பி-47 (P-47) தண்டர்போல்ட் போர் விமானங்கள் ஊரின் மேல் குண்டு போட்டன. அமெரிக்கக் குடிமக்கள் வாழும் ஊரில் அமெரிக்க விமானங்கள்! இரண்டு நாள் கழித்து வாஷிங்டனில் ஜனாதிபதி ட்ரூமன் தங்கியிருந்த பிளேர் ஹவுஸில் சுடப் போய் உயிர் விட்ட கிரிசெலியோ தொரெசோலா இந்த ஊரில் பிறந்தவர். பிளாங்காவுக்கு நீண்ட சிறைத் தண்டனை. 1967ல் மன்னிப்பு அளித்து விட்டார்கள். 1996 வரை வாழ்ந்தார்.

வேடிக்கை என்னவென்றால், எழுச்சிக்கு இரண்டே வருடம் கழித்து, 1952ல், அரசாங்கமே அந்தக் கொடியை அதிகாரபூர்வக் கொடியாக ஏற்றுக்கொண்டது. ஆனால் வாய்ப்பூட்டுச் சட்டத்தை 1957 வரை எடுக்கவில்லை. இன்றைக்கு அந்தக் கொடி இல்லாத சுவர் இல்லை. கதவில், கார்க் கண்ணாடியில், காப்பிக் கோப்பையில், நாய்ச் சட்டையில்கூடப் பார்த்தேன். துப்பாக்கி ஏந்திய எழுச்சி எனக்கு ஒப்பாது. ஒரு துணிக்குப் பத்து வருடம் என்ற சட்டமும் ஒப்பாது. அந்த வீட்டில் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

தீவின் மிக உயர்ந்த சிகரம் செரோ தே புந்தா, 1,338 மீட்டர். ஹயூயாவிலிருந்து பார்த்தால் தெற்கே தெரியும். உச்சிவரை பாதை உண்டு, ஆனால் மிகச் செங்குத்து, நடந்து ஏறுவது உத்தமம். வானம் தெளிந்தால் வடக்கே அட்லாண்டிக்கும் தெற்கே கரீபியன் கடலும் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது பனிமூட்டமும் அலைபேசிக் கோபுரங்களும். கீழே வரும் வழியில் இருக்கும் தோரோ நெக்ரோ காடு அந்த ஏமாற்றத்தைச் சரிக்கட்டியது. ஆள் உயரத்துக்கு மேலே மரப்பெரணிகள், சியெர்ரா பனைகள், எங்கிருந்தோ விழும் அருவிச் சத்தம். யக்ருமோ என்ற மரத்தின் இலை மேலே பச்சை, கீழே வெள்ளை. காற்று திசை மாறினால் இலைகள் புரண்டு மலைச்சரிவில் அங்கங்கே வெள்ளையடித்ததுபோலத் தெரியும். மழை வருகிறது என்பதற்கு அது அடையாளம் என்கிறார்கள். எனக்கு அது சரியாகவே இருந்தது, நனைந்துவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும் கோகீ தவளைகள் ஆரம்பிக்கின்றன. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கோ, கீ என்று இரண்டே சுரம். முதல் சுரம் மற்ற ஆண்களை எட்டிப் போ என்று விரட்ட, இரண்டாவது பெண்ணை அழைக்க. இதற்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது, முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும், முட்டைக்குக் காவல் தகப்பன். தீவுக்காரர்கள் கோகீயின் பாட்டில்தான் தூக்கம் வரும் என்கிறார்கள். முதல் இரவு எனக்குத் தூக்கம் போனதே அதனால்தான்.

மரியா புயலுக்குப் பிறகு மலையூர்களில் பல மாதம் கரண்ட் இல்லை. சில வீடுகளுக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. ஹயூயாவின் அண்டை ஊரான அத்ஹுந்தாஸில் காசா புவெப்லோ என்ற அமைப்பு இருக்கிறது. செம்புச் சுரங்கம் தோண்ட வந்தவர்களை எதிர்க்க 1980ல் தொடங்கியது. சுரங்கம் வர இருந்த இடத்தைக் கடைசியில் பாதுகாக்கப்பட்ட காடாக்கினார்கள். அவர்களின் கட்டடத்தில் 1999 முதலே சூரிய மின்சாரம். புயலுக்குப் பிறகு ஊரே இருளில் கிடக்க, மருந்துகளைக் குளிரில் வைக்கவும் மூச்சுக் கருவிகளை இயக்கவும் மக்கள் அங்கேதான் வந்தார்கள். அந்த இளஞ்சிவப்பு வீட்டில் காப்பியும் விற்கிறார்கள். போனால் வாங்குங்கள், அமைப்பு அதில்தான் கொஞ்சம் ஓடுகிறது.

சங்கீதத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மலைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். குவாத்ரோ என்ற பத்துத் தந்தி வாத்தியம், சுரைக்குடுக்கையில் கோடு கீறி உரசும் குயிரோ, ஒரு பாடகர். பாட்டின் வடிவம் தெசிமா: பத்து அடி, அடிக்கு எட்டு அசை, எதுகை எங்கே விழ வேண்டும் என்பதற்குக் கண்டிப்பான கணக்கு. கூட்டத்தில் யாராவது ஈற்றடியைக் கொடுப்பார்கள். பாடகர் நின்ற இடத்திலேயே மீதி ஒன்பது அடிகளையும் கட்டி அந்த அடியில் வந்து இறங்க வேண்டும். நான் கேட்ட இரவில் ஒருவர் மழையால் சகதியான சாலையை ஈற்றடியாகக் கொடுத்தார். எனக்குப் பாட்டில் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒன்பதாவது அடி வந்ததும் கூட்டம் மூச்சைப் பிடித்ததும், பத்தாவது விழுந்ததும் மேசையைத் தட்டியதும் புரிந்தது.

நவம்பர் கடைசியிலேயே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடுகிறது. அதோடு பாஸ்தெல் செய்யும் வேலையும். பச்சை வாழைக்காயையும் யவுத்தியாக் கிழங்கையும் துருவி மாவாக்கி, அச்சியோத்தே எண்ணெய் தடவிய வாழையிலையில் பரப்பி, நடுவில் பன்றிக்கறி வைத்து மடித்து, நூலால் இரண்டிரண்டாகக் கட்டிக் கொதிக்கும் நீரில் போடுவார்கள். ஒருவர் துருவ, ஒருவர் இலையை வாட்ட, ஒருவர் கட்ட என்று வீடே உட்காரும். நானும் உட்கார்ந்தேன். என்னிடம் நூல் வெட்டும் வேலை கொடுத்தார்கள், அதற்கு மேல் நம்பவில்லை. "மி அமோர் (என் அன்பே), அடுத்த வருடம் வந்தால் மடிக்கச் சொல்லித் தருகிறேன்" என்றார் அந்த அம்மாள்.

வெந்து வந்ததும் ஒரு சண்டை. பாஸ்தெல் மேல் கெச்சப் ஊற்றலாமா கூடாதா என்பது தீவையே இரண்டாக்கும் பிரச்சினை. அந்த வீட்டில் மகன் ஊற்றுகிற கட்சி, அம்மா ஊற்றாத கட்சி. ஹயூயாவில் ஒரு காலத்தில் தக்காளி பெயர்பெற்றது, ஊருக்குத் தக்காளி ஊர் என்றே பட்டம், அதனால் கெச்சப்புக்கு இங்கே உரிமை இருக்கிறது என்று மகன் வாதாடினார். என் தீர்ப்பைக் கேட்டார்கள். கெச்சப் இல்லாமல்தான் நன்றாக இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். பெகாவ் எனக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் இனி இழக்க ஒன்றும் இல்லை என்று மகன் முணுமுணுத்துவிட்டு, பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.